செந்தூலா பட்டர்வொர்த்தா: ஒரு வீடும் இரண்டு அரசாங்கங்களும்

கோலாலம்பூரின் செந்தூலில் 22 வருடம் குடியிருந்துவிட்டு, 2021-இல் ஓய்வு பெற்ற கையோடு பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் வீடு வாங்கினோம். ஏன் என்று கேட்டவர்களிடம் "விலை தோதாக இருந்தது, கடல் காற்று" என்று சொல்லி வைத்தேன். வீட்டில் அம்மையாருக்கு அந்தக் காரணமே போதும். எனக்கு இன்னொன்றும் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்: மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை.

கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு எது, மாநிலத்துக்கு எது, இருவருக்கும் பொதுவாக எது என்று மூன்று பட்டியல் போட்டு வைத்திருப்பது அந்த அட்டவணைதான். பினாங்கில் இருப்பவருக்கு மூன்றும் பொருந்தும். கோலாலம்பூர்வாசிக்கு நடைமுறையில் எல்லாம் ஒரே இடம். சிலாங்கூரின் தலைநகராக இருந்த ஊர், 1974 பிப்ரவரி 1 அன்று கூட்டரசுப் பிரதேசமாகி மாநிலத்தின் கையைவிட்டுப் போனது. அன்றிலிருந்து அங்கே சட்டமன்றமும் இல்லை, மந்திரி பெசார் என்ற மாநில முதல்வரும் இல்லை. மாநகராட்சித் தலைவரும் நியமனம்தான்.

தெரிந்த விஷயங்களை நீட்டவில்லை. ரயில், வேலை, பெரிய மருத்துவமனை எதை எடுத்தாலும் கோலாலம்பூர்தான் முன்னால் நிற்கும். பணப்பெட்டி கூட்டரசின் கையில் இருக்கும்போது வேறெப்படி இருக்கும்? பினாங்கின் முத்தியாரா ரயில் தடம் எத்தனை வருடம் பேச்சாகவே கிடந்தது! 2024-இல் கூட்டரசு பொறுப்பேற்ற பிறகுதான் அசைந்தது. போலீஸ், பள்ளிக்கூடம், வருமான வரி எல்லாம் இரண்டு ஊரிலும் கூட்டரசுதான். வீடு மாறியதால் அதில் எதுவும் மாறவில்லை. தைப்பூச விடுமுறை இரண்டு இடத்திலும் உண்டு. என்ன, கோலாலம்பூருக்கு அது 2008-இல்தான் கிடைத்தது.

ஓட்டு விஷயத்தில் மச்சானும் நானும் அடிக்கடி முட்டிக்கொள்வோம். அவர் இன்னும் செந்தூலில்தான். 2022 நவம்பரில் இருவரும் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டோம். 2023 ஆகஸ்டில் நான் மட்டும் மறுபடி விரலில் மை வைத்துக்கொண்டேன், சட்டமன்றத்துக்கு. "ரெண்டு ஓட்டு இருந்து என்ன மாப்பிள்ளை, வாசல்ல எல்ஆர்டி ரயில் நிக்குதா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஊராட்சித் தேர்தல் இரண்டு பேருக்குமே கிடையாது. பினாங்கு அதை மீண்டும் நடத்த 2012-இல் சட்டம் இயற்றிப் பார்த்தது; 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. மாநிலத்தின் கை எவ்வளவு நீளம் என்பதை அந்த ஒரு வழக்கே காட்டிவிடும்.

என்னை இழுத்தது நிலம். மாநிலப் பட்டியலில் உருப்படியாக மிஞ்சியிருப்பது அதுதான். தேசிய நிலச் சட்டம் 1965-ஐ நாடாளுமன்றம் இயற்றியிருந்தாலும் கிராண்ட் என்ற நில உரிமைப் பத்திரம் கொடுப்பதும், நிலவரி வாங்குவதும், லீஸ்ஹோல்ட் (குத்தகைக் கால) வீடு கைமாற ஒப்புதல் தருவதும் மாநிலம். மாநிலத்தின் சொந்த வருமானமும் பெரும்பாலும் மண்ணிலிருந்துதான் வரவேண்டும். பத்தாவது அட்டவணையில் மாநிலங்களுக்கென்று ஒதுக்கிய வருமானங்களில் முதல் வரி என்ன தெரியுமா? கள்ளுக்கடை. இரண்டாவதுதான் நிலம், சுரங்கம், காடு. தோட்டத்தில் கள்ளுக்கடை வரிசையில் நின்ற நம் தாத்தாக்கள் மாநில கஜானாவுக்குச் செய்த தொண்டு அரசியலமைப்பிலேயே ஏறியிருக்கிறது.

மண்ணை நம்பிப் பிழைக்கும் அரசுக்கு மண்ணை விற்கும் ஆசையும் வரும். பினாங்கை நான் கோயிலில் வைத்துக் கும்பிடவில்லை. தீவின் தெற்கே கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்தபோது, அதை நடத்த நின்றதே மாநில அரசுதான். ஆனால் கடலோரம் மாநிலத்துடையது என்றாலும், சுற்றுச்சூழல் சட்டம் கூட்டரசுடையது. அந்தச் சட்டத்தின் கீழ் இருக்கும் மேல்முறையீட்டு வாரியம் 2021 செப்டம்பரில் திட்டத்தின் சுற்றுச்சூழல் ஒப்புதலை ரத்து செய்தது. 2023-இல் மறுபடி ஒப்புதல் கிடைத்தது வேறு கதை. ஒரு கை தள்ளும்போது இன்னொரு கை பிடிக்க முடிந்தது, அதுதான் எனக்கு முக்கியம்.

கோலாலம்பூரில் தள்ளுவதும் பிடிப்பதும் ஒரே கை. தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி எழுப்பக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அக்கம்பக்கத்தார் 2017-இல் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் ஜெயித்து, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஜெயித்தார்கள்தான். ஆனால் ஆறு வருடம் வழக்கறிஞர் வைத்து நடக்க செந்தூல் அடுக்குமாடிக்காரர்களால் முடியுமா? சட்டமன்றத்தில் எழுந்து "அந்தத் திடலை யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்க அங்கே ஆளே கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர் கேட்கலாம். நாட்டுக் கவலையெல்லாம் பேசி முடித்து நேரம் மிஞ்சினால். இங்கே நாற்பது தொகுதிக்கு நாற்பது பேர். எங்கள் ஒய்பியின், அதாவது சட்டமன்ற உறுப்பினரின், சேவை மையம் சந்தைக்குப் போகும் வழியில் இருக்கிறது. காய்கறிப் பையோடு நுழைந்தே வடிகால் ஒதுக்கு நிலம் பற்றி ஒருமுறை பேசிவிட்டு வந்தேன்.

இரண்டு கை இருப்பதில் தொல்லையும் உண்டு, அதை மறைத்தால் பொய்யாகிவிடும். தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியரும் பாடமும் கூட்டரசு உட்கார்ந்திருக்கும் புத்ராஜெயா, பள்ளி நிற்கும் மண் மாநில அரசு உட்கார்ந்திருக்கும் கோம்தார். இரண்டும் ஒரே நாளில் தலையாட்டினால்தான் புதுக் கட்டடம் எழும். கோலாலம்பூரில் அந்த அலைச்சல் பாதி. மாநில அரசு தன் பட்ஜெட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் ஒதுக்குவது இதை ஓரளவு ஈடுகட்டுகிறது. தண்ணீருக்கும் நிம்மதி இல்லை: குழாயில் வருவது பெரும்பாலும் சுங்கை மூடா, அதன் மேல்பாதி கெடாவில். கெடா அதற்குக் காசு கேட்டுக்கொண்டே இருக்கிறது. கோலாலம்பூர் மட்டும் என்ன, அதுவும் சிலாங்கூர் தண்ணீரைத்தானே குடிக்கிறது.

லீஸ் முடியும் கட்டத்தில் மாநிலம் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்காதீர்கள். என் வீடு ஃப்ரீஹோல்ட், காலக்கெடு இல்லாத சொந்த நிலம். அந்தப் பாதையில் நான் நடந்ததில்லை. நான் இங்கே வந்த பிறகு மாநில ஆட்சி மாறியதும் இல்லை. 2022 நவம்பர் வரை மாநிலத்திலும் புத்ராஜெயாவிலும் எதிரெதிர்க் கட்சிகள்தான் உட்கார்ந்திருந்தன; ஆனால் கோப்புகள் என்ன பாடுபட்டன என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவன் இல்லை நான்.

மச்சானுக்கு அடுத்த வருடம் ஓய்வு. போன தைப்பூசத்துக்கு வந்தவர், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் காருக்குள் மெதுவாகக் கேட்டார்: "உங்க தாமான்ல வேற ஏதாச்சும் வீடு விலைக்கு வருதா மாப்பிள்ளை?"