வாங்குவதா, பெறவைப்பதா: ஜமைக்காவும் வர்ஜீனியாவும்

18ஆம் நூற்றாண்டில், கரீபியத் தீவான ஜமைக்காவில் கரும்புத் தோட்ட முதலாளியின் கணக்கு எளிது: அடிமையின் பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதைவிட, கப்பலில் வரும் அடிமையை வாங்குவது லாபம். வயலில் கரும்புக் குழி வெட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயிறு தள்ளினாலும் மண்வெட்டியைக் கீழே வைக்க விடமாட்டார்கள். பிறந்த குழந்தைகளில் பல ஒன்பது நாள் தாண்டுவதற்குள் ஜன்னி கண்டு இறந்தன. அடிமை வணிகத்துக்குத் தடை வரக்கூடும் என்று தெரிந்த பிறகுதான் பேச்சு மாறியது. 1792 சட்டப்படி, ஆறு பிள்ளைகள் உயிரோடிருந்தால் தாய்க்குக் கடின வேலையிலிருந்து விலக்கு. ஆறும் பிழைத்தால்தானே!

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கதை வேறு. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662லேயே சட்டம் வந்துவிட்டது. எஜமானனே தகப்பனானாலும் அதே விதிதான்; அவனுக்குச் சொத்து கூடும், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுக்கொரு பிள்ளை பெறுபவள், பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட லாபம் என்று 1820இல் எழுதியவர் முன்னாள் அதிபர் ஜெஃபர்சன். 1808இல் அடிமை இறக்குமதி சட்டப்படி நின்றதும் அந்த லாபம் இன்னும் ஏறியது.

அமெரிக்காவில் அடிமைகளின் தொகை பெருகியது, ஜமைக்காவில் தேய்ந்தது. அதனால் அமெரிக்கா பரவாயில்லை என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வர்ஜீனியாவில் அடிமைப் பெண்கள் பலருக்குக் கணவன் வேறு பண்ணையில்; அனுமதிச் சீட்டு கிடைத்தால் சனிக்கிழமை இரவு வருவான். எஜமானன் கடன்பட்டால் வளர்ந்த பிள்ளை தெற்கே பருத்திக் காட்டுக்கு விலை போகும். அப்புறம் தகவலே இருக்காது. பருத்தி வேர்ப்பட்டையை மென்று கருவைத் தடுக்கப் பார்த்த பெண்களும் இருந்தார்கள்; வெள்ளை வைத்தியர்கள் அதைப் புகாராகவே எழுதிவைத்தார்கள்.