தேரா மசாலா சூக்கில் "பத்து" என்றால் எத்தனை கிராமுக்கு?

பழைய துபாயைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், தேராவின் மசாலா சூக்கில், அதாவது மசாலாச் சந்தையில், கடைக்காரர் கரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை அல் ஃபாஹிதிக்குக் கூட்டிப்போனேன். பவளக்கல் சுவர்கள், தலைக்கு மேலே காற்றுக் கோபுரங்கள். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் பிடித்து அறைக்குள் இறக்கிவிடும் ஏற்பாடு. ஈரானிலிருந்து வந்த வியாபாரிகள் குடியிருந்த பகுதி. 1980களில் பாதியை இடித்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் சந்துகளில் நடக்கக் காசு கிடையாது. அப்புறம் பர்துபாய் துறையில் அப்ரா என்கிற மரப்படகில் ஏறினோம், ஆளுக்கு 1 திர்ஹம். "இவ்வளவுதானா?" என்றார் அம்மா. அந்த மிதப்பிலேயே அக்கரையில் தேராவில் இறங்கி, மசாலா சூக்குக்குள் நுழைந்தோம்.

"அம்மா வாங்கம்மா, சும்மா பாருங்க" என்று ஒருவர் கூப்பிட்டார். தமிழர் இல்லை. அந்த வரிசையில் எல்லோருக்கும் எல்லா மொழியிலும் நாலு வார்த்தை தெரியும். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. காய்ந்த ரோஜா மொட்டு, செம்பருத்தி, எலுமிச்சை, ஏலக்காய் எல்லாம் போட்ட மூலிகை டீயாம், மூட்டுவலிக்கு நல்லதாம். விலை கேட்டேன். "பத்து" என்றார். நூறு கிராமுக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அம்மாவை ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கரண்டி ஒரே பையில் விழுந்து, பையின் வாயையும் ஒட்டியாகிவிட்டது. தராசில் 280 கிராம். கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்: 280 திர்ஹம். பத்து கிராமுக்குப் பத்தாம்! வேண்டாம் என்றதும் முகம் மாறியது. "கலந்தாச்சு, இனி யாருக்கு விற்பேன்?" நான் குரலை உயர்த்தப் போனேன், அம்மா, "விடுப்பா, குடுத்துட்டு வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். கடைக்காரர் 200க்கு இறங்கினார். பில்லில் 'மசாலா 200' என்று மட்டும் இருந்தது. எடையும் இல்லை, கிராம் விலையும் இல்லை. இதை வைத்துக்கொண்டு எங்கே புகார் கொடுப்பது?

எத்தனை கிராமுக்கு விலை என்று வாய்விட்டுக் கேளுங்கள். கலக்கவே விடாதீர்கள், தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். குங்குமப்பூ வாங்கினால் ஒரு இழையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உடனே தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம்.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். டீ போட்டீங்களா என்று நேற்று போனில் கேட்டேன்.

"அது 200 திர்ஹமாச்சேப்பா, யாராவது விருந்தாளி வரட்டும்."