வழக்கா, வரிப்பணமா, விற்பவரின் நிபந்தனையா? அணியைத் தக்கவைக்க மூன்று நகரங்கள் எடுத்த வழிகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓர் அணி பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரைச் சுமந்து ஆடுகிறது. ஆனால் அந்த ஊருக்கு அதில் ஒரு பங்குகூடக் கிடையாது. உரிமையாளர் ஆசைப்பட்டு, லீகின் மற்ற உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் கை தூக்கிவிட்டால், அணி மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிடும். நாற்பது வருஷமாக ஆடிய ஊர் என்பதெல்லாம் அந்த வாக்கெடுப்பில் எடுபடாது.

2006க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சியாட்டில், சாக்ரமெண்டோ, மில்வாக்கி ஆகிய மூன்று நகரங்களும் இந்தச் சிக்கலில் மாட்டின. மூன்றிலும் பிரச்சினை ஒன்றுதான்: அரங்கம் பழசு, லீக் புதுசு கேட்கிறது, பணத்தை யார் தருவது? சியாட்டில் நீதிமன்றத்துக்குப் போனது. சாக்ரமெண்டோ பொதுப்பணத்தை எடுத்து வைத்தது. மில்வாக்கிக்கு விற்றவர் போட்ட நிபந்தனையே கைகொடுத்தது. சியாட்டில் அணியை இழந்தது, மற்ற இரண்டும் காப்பாற்றிக்கொண்டன. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அணி தங்குமா போகுமா என்பது அது கைமாறும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

சியாட்டில்: கையில் குத்தகை இருந்தும்

சூப்பர்சோனிக்ஸ் 1967இல் தொடங்கிய அணி. 1979இல் சாம்பியன். 2001இல் ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனத்தின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு அதை 200 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆடிய இடம் கீ அரீனா. 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கட்டடம், 1995இல் நகராட்சி செலவில் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்துச் சுமார் பத்து வருஷமே ஆன நிலையில், இன்னும் 220 மில்லியன் டாலருக்கு விரிவாக்க வேண்டும் என்று ஷுல்ட்ஸ் கேட்டார்.

மக்கள் சலித்துப்போயிருந்தார்கள், அதில் நியாயம் இருந்தது. 1995இல் பேஸ்பால் அரங்கத்துக்கான வரியை வாக்காளர்கள் மயிரிழையில் நிராகரித்தார்கள். மாநிலச் சட்டமன்றம் வேறு வழியில் பணம் ஒதுக்கி அதைக் கட்டவைத்தது. பிறகு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஓர் அரங்கம். அதற்காகக் கிங்டோம் என்ற பழைய அரங்கத்தை 2000இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் கடனை மக்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இல்லாத கட்டடத்துக்குத் தவணை கட்டும் மக்களிடம் போய் மூன்றாவது அரங்கம் கேட்டால் என்ன பதில் வரும்? சோனிக்ஸ் போனால் ஊருக்கு நஷ்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று நகர மன்றத் தலைவரே பத்திரிகையிடம் சொன்னார். பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆனால் லீக் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அந்தப் பேச்சை மறக்கவே இல்லை.

ஷுல்ட்ஸ் 2006 ஜூலையில் அணியை 350 மில்லியன் டாலருக்கு விற்றார். வாங்கியவர் கிளே பென்னட், ஓக்லஹோமா சிட்டிக்காரர். அங்கே என்பிஏ அணி இல்லை. புயலால் இடம்பெயர்ந்த நியூ ஆர்லியன்ஸ் அணி தற்காலிகமாக ஆடியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. ஓர் அணிக்காகக் காத்திருக்கும் ஊர்க்காரரிடம் அணியைக் கொடுத்துவிட்டு, சியாட்டிலில் அரங்கம் கட்ட ஒரு வருஷம் நல்லெண்ணத்தோடு முயல்வதாக வாக்குறுதி மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அது எவ்வளவு தூரம் தாங்கியது என்பதற்குச் சாட்சி பென்னட்டின் கூட்டாளி ஆப்ரி மெக்லெண்டன். அணியை வாங்கியதே சியாட்டிலில் வைத்திருப்பதற்காக இல்லை என்று 2007இல் ஓக்லஹோமா பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொல்லி, லீகிடம் 2,50,000 டாலர் அபராதம் கட்டினார்.

நகராட்சி கையில் மிச்சமிருந்த துருப்புச்சீட்டு குத்தகை. 2010 வரை கீ அரீனாவில்தான் ஆட வேண்டும். குத்தகைக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றது பென்னட் தரப்பு. காசு வேண்டாம், ஆடியே தீர வேண்டும் என்று நகராட்சி 2007 செப்டம்பரில் வழக்குப் போட்டது. வாதம் வலுவானது. ஆனால் 2008 ஜூனில் விசாரணை நடந்தபோது இன்னொரு திட்டம் வெளியே வந்தது. பென்னட்டுக்குச் சியாட்டிலில் இருப்பதே நஷ்டமாகும்படி செய்து, அவரை விற்க வைக்க உள்ளூர்ப் பிரமுகர்கள் சிலர் ஒரு காட்சியுரை தயாரித்து வைத்திருந்தார்கள். அதன் தலைப்பிலேயே "விஷமிட்ட கிணறு" என்ற சொல் இருந்தது. நகராட்சி நேர்மையாக நிற்கிறது என்ற தோற்றத்துக்கு அது பெரிய அடி. நீதிபதி மார்ஷா பெக்மன் தீர்ப்புச் சொல்லவிருந்த ஜூலை 2ஆம் தேதி, அதற்குச் சில மணி நேரம் முன்னால் இரு தரப்பும் சமரசம் ஆயின. நகராட்சிக்கு 45 மில்லியன் டாலர், கூடவே அணியின் பெயரும் நிறங்களும். முதல் சீசனை முடித்திருந்த கெவின் டூரன்ட் உட்பட ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஓக்லஹோமா போனார்கள்.

அந்தச் சமரசத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீவ் பால்மரின் குழு கீ அரீனாவைப் புதுப்பிக்க 150 மில்லியன் டாலர் தருவதாக அந்த வருஷம் மார்ச்சிலேயே முன்வந்திருந்தது. மீதிக்குச் சட்டமன்றம் வழி செய்யவில்லை. குத்தகை வாங்கித் தரக்கூடிய ஒரே பொருள் கால அவகாசம். இரண்டு ஆண்டுகளை விற்றபோது, இன்னொரு சட்டமன்றக் கூட்டத்தொடர், இன்னொரு பேரம், மனம் மாறும் வாய்ப்பு எல்லாவற்றையும் சேர்த்தே விற்றுவிட்டார்கள்.

சாக்ரமெண்டோ: அதே நாள், அதே பதில், வேறு முடிவு

சியாட்டில் வாக்காளர்கள்தான் அணியைத் துரத்திவிட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். விளையாட்டு அரங்கத்துக்கு நகராட்சி பணம் போட்டால் அரசுக் கடன் பத்திரத்துக்கு ஈடான லாபமாவது வர வேண்டும் என்ற சட்டத்தை 2006 நவம்பர் 7 அன்று நாலில் மூன்று பேர் ஆதரித்தார்கள், உண்மைதான். ஆனால் அதே நாளில் சாக்ரமெண்டோவிலும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அரங்கத்துக்காகக் கால் சென்ட் விற்பனை வரி. கிட்டத்தட்ட எண்பது சதவீதம் பேர் முடியாது என்றார்கள். சியாட்டிலைவிடக் கடுமையான மறுப்பு. அந்த அணி இன்னமும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே வாக்காளர்மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை.

சாக்ரமெண்டோ கிங்ஸ் 1985இல் கான்சஸ் சிட்டியிலிருந்து பெயர்ந்து வந்த அணி. இன்னொரு ஊரின் இழப்பில் கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உரிமையாளர்களான மலூஃப் குடும்பம் 2011இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள அனஹைமுக்குப் போகத் தயாரானது. ஏப்ரல் 13 அன்று லேக்கர்ஸுடன் நடந்த ஆட்டமே கடைசி என்று எல்லோரும் நம்பினார்கள். கூடுதல் நேரம் வரை போய்த் தோற்றார்கள், ஆனாலும் ரசிகர்கள் எழுந்து போகாமல் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வர்ணனையாளர்களுக்குத் தொண்டை அடைத்தது.

அந்த ஊரின் பெரிய பலம் மேயர் கெவின் ஜான்சன். ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் முன்னாள் நட்சத்திரம், சாக்ரமெண்டோவிலேயே பிறந்து வளர்ந்தவர். லீக் உரிமையாளர்களின் மொழி அவருக்குத் தெரியும். உள்ளூர் வணிகர்களிடம் விளம்பர ஆதரவு உறுதிகளைத் திரட்டிக்கொண்டு நேரே உரிமையாளர் கூட்டத்துக்குப் போய்ப் பேசி, ஒரு வருஷம் தவணை வாங்கினார். 2012இல் கையெழுத்தாக இருந்த அரங்க ஒப்பந்தத்திலிருந்து மலூஃப் குடும்பம் பின்வாங்கியது. 2013 ஜனவரியில் அணியை விற்கவே ஒப்பந்தம் போட்டுவிட்டது.

வாங்க வந்தது யார் தெரியுமா? சியாட்டிலுக்கு மறுபடி ஓர் அணி வேண்டும் என்று புறப்பட்ட முதலீட்டாளர் கிறிஸ் ஹேன்சனும் ஸ்டீவ் பால்மரும். ஐந்து வருஷத்துக்கு முன் தங்களுக்கு நேர்ந்ததை இன்னோர் ஊருக்குச் செய்யும் இடத்தில் சியாட்டில் ரசிகர்கள் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அணிகளின் எண்ணிக்கையை லீக் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை, ஓர் ஊரின் ஏக்கம் தீர இன்னோர் ஊர் அழத்தான் வேண்டியிருக்கிறது.

ஜான்சன் மூன்று மாதத்தில் இரண்டு காரியம் முடித்தார். முதலாவது, மாற்று வாங்குநர். மும்பையில் பிறந்து சிலிக்கான் பள்ளத்தாக்கில் டிப்கோ நிறுவனத்தைத் தொடங்கிய விவேக் ரணதிவே, வாரியர்ஸ் என்ற இன்னொரு என்பிஏ அணியில் தனக்கிருந்த பங்கை விட்டுவிட்டு வந்தார். (2019இல் இந்திய மண்ணின் முதல் என்பிஏ ஆட்டங்களை மும்பையில் ஆடியது இதே கிங்ஸ்தான்.) இரண்டாவது, அரங்கப் பணம். மார்ச் 26 அன்று நகர மன்றம் 258 மில்லியன் டாலர் பொதுப் பங்குடன் ஒரு திட்டத்தை 7க்கு 2 என்று ஏற்றது. மே 15 அன்று லீக் உரிமையாளர்கள் இடமாற்றத்தை 22க்கு 8 என்று நிராகரித்தார்கள். ஹேன்சன் அணியின் மதிப்பை 625 மில்லியன் வரை ஏற்றிக் கேட்டிருந்தார். ரணதிவே குழு கொடுத்தது 535 மில்லியன் மதிப்பில். அதிகப் பணம் தோற்றது, ஏனென்றால் அரங்கத்துக்கு வழியும் வாங்க ஆளும் ஊரிலேயே தயாராக இருந்தன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பொதுப் பங்கின் பெரும்பகுதி, நகர மையப் பார்க்கிங் வருவாயை ஈடாகக் காட்டி வாங்கிய கடன். கொரோனா காலத்தில் நகர மையம் வெறிச்சோடியதும் அந்த வருவாய் சரிந்தது. மக்களிடம் மறுபடி கேட்கவும் இல்லை. வாக்கெடுப்பு கேட்டுக் குடிமக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். மனுவின் வாசகங்களில் குறை இருப்பதாக நகராட்சி தள்ளுபடி செய்தது, நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. அந்தக் கையெழுத்து இயக்கத்துக்குப் பின்னாலிருந்து ஹேன்சன் பணம் கொடுத்தது அம்பலமாகி அபராதம் விதிக்கப்பட்டது தனிக்கதை. ஆனாலும் கையெழுத்துப் போட்ட சாதாரண மக்களின் கேள்வி நேர்மையானது. எண்பது சதவீதம் பேர் வேண்டாம் என்ற ஊரில், வேறு பையிலிருந்து பணத்தை எடுத்து அதே காரியத்தைச் செய்தார்கள். புதிய அரங்கம் 2016இல் திறந்தது. பதினாறு சீசன் வறட்சிக்குப் பின் 2023இல் அணி பிளே-ஆஃப் போனபோது, வெற்றி ஒவ்வொன்றுக்கும் அரங்கத்தின் மேலிருந்து வானத்தை நோக்கி ஊதா ஒளிக்கற்றை எழுந்தது. ஊரே கொண்டாடியது. அந்த மகிழ்ச்சிக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி ஒதுக்கத்தான் வேண்டும்.

மில்வாக்கி: விற்றவர் கட்டிய வேலி

இங்கே நாடகம் குறைவு. ஹெர்ப் கோல் 1985இல் பக்ஸ் அணியை வாங்கியதே அது ஊரை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக. 18 மில்லியன் டாலர். பின்னர் நான்கு முறை செனட்டர். வயதாகி 2014இல் விற்றபோது விலை 550 மில்லியன். வாங்கிய வெஸ் ஈடன்ஸும் மார்க் லாஸ்ரியும் நியூயார்க் நிதித்துறை ஆட்கள். மில்வாக்கி மேல் அவர்களுக்குத் தனிப் பாசம் இருக்கக் காரணமில்லை. கோல் அதை நம்பியிருக்கவும் இல்லை. அணி இங்கேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதிய அரங்கத்துக்கு அவர்கள் 100 மில்லியன் போட வேண்டும். தன் பையிலிருந்தும் 100 மில்லியன் தருவதாக அறிவித்தார். 2017க்குள் அரங்கம் உறுதியாகாவிட்டால் அணியை லீக் 575 மில்லியனுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் சேர்ந்தது.

அந்த ஷரத்து இரு பக்கமும் வெட்டும் கத்தி. புது உரிமையாளர்களை ஊரோடு கட்டியது. அதே சமயம், சீக்கிரம் பணம் தராவிட்டால் அணி போய்விடும் என்று அரசாங்கத்தையும் நெருக்கியது. மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் 2015இல் 250 மில்லியன் டாலர் பொதுப்பணத்துக்குக் கையெழுத்திட்டார். போகவிடுவதைவிட வைத்திருப்பதே மலிவு என்பது அவர் சொன்ன காரணம். ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் வரும் வருமான வரியைக் கணக்குக் காட்டினார். 2018இல் அரங்கம் திறந்தது. 2021இல் பக்ஸ் சாம்பியன்.

மூன்றையும் ஒன்றாக வைத்தால்

செலவில் மில்வாக்கியும் சாக்ரமெண்டோவும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை, இரண்டிலும் பொதுப்பணம் கால் பில்லியன். ஆனால் மில்வாக்கியில் விற்றவர், வாங்கியவர் இருவர் பையிலிருந்தும் 200 மில்லியன் முதலிலேயே மேசைக்கு வந்துவிட்டது. அதனால் அரசாங்கம் பேரம் பேச ஓர் அடிப்படை இருந்தது. சாக்ரமெண்டோவில் வாங்குபவரையே நகராட்சி தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் பேரம் பேசுபவன் கை எப்போதும் தாழ்ந்தே இருக்கும். விளையாட்டு அரங்கத்தில் போட்ட வரிப்பணம் பொருளாதார வளர்ச்சியாகத் திரும்பி வருவதில்லை என்பதில் பெரும்பாலான பொருளியலாளர்கள் ஒத்துப்போகிறார்கள். அதை முதலீடு என்று சொல்லி மக்களிடம் விற்காமல், ஊரின் மகிழ்ச்சிக்கான செலவு என்று சொல்லிக் கேட்டிருக்கலாம்.

கொள்கை அளவில் சியாட்டில்தான் மற்ற இரண்டையும்விட நேராக நின்றது. அதற்குப் பலனும் வந்தது: கீ அரீனாவின் பழைய கூரையை மட்டும் அப்படியே தாங்கி நிறுத்தி, அடியில் முழுக்கப் புதிதாக, ஒரு பில்லியன் டாலருக்கு மேல் தனியார் பணத்தில் கட்டி 2021இல் திறந்தார்கள். என்பிஏ அணிகளைக் கூட்டும் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் அடிபடும் பெயரும் சியாட்டில்தான். ஆனால் 2008இல் பத்து வயதாக இருந்த ஒரு சோனிக்ஸ் ரசிகருக்கு இப்போது முப்பதை நெருங்கும் வயது. அந்த வருஷங்களை எந்தத் தனியார் பணமும் திருப்பித் தராது.

என்னைக் கேட்டால் மில்வாக்கி வழிதான் முதலிடம். அதன் குறை, நல்ல மனம் படைத்த உரிமையாளர் வாய்க்க வேண்டும் என்பது; அது நகராட்சியின் கையில் இல்லை. கையில் இருப்பது குத்தகை. அதைப் புதுப்பிக்கும்போதே, அணி விற்பனைக்கு வந்தால் உள்ளூர் வாங்குநருக்கு முதல் வாய்ப்பு, வெளியே கொண்டுபோனால் தாங்க முடியாத தொகை என்று எழுதி வாங்கலாம். அரங்கம் புதிதாக இருந்து, உரிமையாளருக்கும் ஊருக்கும் சுமுகமாக இருக்கும்போதுதான் அது நடக்கும். அதைத் தவறவிட்ட ஊருக்குச் சாக்ரமெண்டோ வழி இரண்டாவது. வழக்கு கடைசி, போட்டால் கடைசி நாள் வரை நடத்த வேண்டும்.

யார் வாங்குகிறார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்குச் சியாட்டிலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஷுல்ட்ஸ் விற்ற அதே பொட்டலத்தில் ஸ்டார்ம் என்ற பெண்கள் அணியும் இருந்தது. 2008இல் உள்ளூர்ப் பெண்கள் நால்வர் சேர்ந்து பென்னட்டிடமிருந்து அதை 10 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். சோனிக்ஸ் ஓக்லஹோமா போனபோது ஸ்டார்ம் ஊரிலேயே நின்றது. 2010, 2018, 2020 என்று அதன்பிறகு மூன்று கோப்பைகளைச் சியாட்டிலுக்குக் கொண்டுவந்திருக்கிறது.