700 மெகாவாட் கனநீர் உலை: சரக்கு நல்லது, டெலிவரிதான் இழுபறி

2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் இந்திய அரசு இலக்கு வைத்தபோது கையிலிருந்தது 9 ஜிகாவாட்டுக்கும் குறைவு. பேச்செல்லாம் எஸ்.எம்.ஆர். எனும், தொழிற்சாலையில் பகுதிகளாகச் செய்து பொருத்தும் சிறிய உலைகளைப் பற்றித்தான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்குப் பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கப்போவது உள்நாட்டு 700 மெகாவாட் கனநீர் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலை.

தாராப்பூர் 540 மெகாவாட் உலையைப் போலவே இதிலும் எரிபொருளை வைத்து, சூடான கனநீர் பாயும் 392 அழுத்தக் குழாய்கள். குழாயின் வெளிவாயில் கனநீரைச் சுமார் 3 சதவீதம் கொதிக்க விட்டுக் கூடுதல் மெகாவாட்டைப் பிழிந்திருக்கிறார்கள். கெட்டிக்கார வேலை.

செறிவூட்டாத யுரேனியமே போதும். எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தவும் வேண்டாம்: குழாயின் இரு முனையிலும் இரண்டு இயந்திரங்கள் கவ்விக்கொள்ள, ஒன்று புது எரிபொருள் கட்டுகளைத் தள்ளும், மற்றது பழையதை வாங்கிக்கொள்ளும். கூடங்குளம் வகை உலையை இதற்காகவே நிறுத்தியாக வேண்டும். பதிலுக்கு, முழுத் திறனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிலோ யுரேனியம் தீரும். தீர்ந்த எரிபொருள் மலையாகக் குவியும்.

கண் வைக்க வேண்டிய இடம் அழுத்தக் குழாய். சுமார் 300 டிகிரியில் இருக்கும் இது, குளிர்ந்த வெளிக்குழாய்க்குள் சுருள்வளையங்களின் தாங்கலில் நிற்கிறது. வளையம் நகர்ந்து குழாய் தொய்ந்து வெளிக்குழாயைத் தொட்டுவிட்டால், குளிர்ந்த அந்தப் புள்ளியில் ஹைட்ரஜன் சேர்ந்து கொப்புளம் கட்டும், பிறகு விரிசல். இரு குழாய்களின் இடைவெளியில் ஓடும் கார்பன் டை ஆக்சைடின் பனிநிலை (அதிலுள்ள ஈரத்தின் அளவைக் காட்டும் வெப்பநிலை) ஏறினால் எங்கோ கசிகிறது என்று பொருள். 2016 மார்ச்சில் குஜராத்தின் காக்ராபார் அணுமின் நிலையத்தில் பழைய 220 மெகாவாட் முதல் அலகில் குழாய் கசிந்ததற்குக் காரணம் வேறு, வெளிப்புற அரிப்பு. அதுவும் குழாய்களை மாற்றிச் சில ஆண்டுகளே ஆன நிலையில். உலை மறுபடி ஓடியது 2019-இல்.

உதைப்பது டெலிவரி. 700 மெகாவாட் வகையில் முதலாவதான காக்ராபார் 3-க்கு முதல் கான்கிரீட் 2010-இல், மின்தொகுப்பில் இணைப்பு 2021 ஜனவரியில், வணிக உற்பத்தி 2023 ஜூனில். உள்ளே சில அறைகள் எதிர்பார்த்ததைவிடச் சூடேறியதும் கடைசித் தாமதத்துக்கு ஒரு காரணம். நான்காம் அலகோ 2023 டிசம்பரில் தொடர்வினை தொடங்கி அடுத்த மார்ச்சிலேயே உற்பத்திக்கு வந்துவிட்டது. ஆக, முதல் பிரதியின் கோளாறுகள் தீர்ந்துவிட்டன. மிச்சமிருப்பது கட்டுமானமும் நீராவிக் கலன் போன்ற பெரிய உறுப்புகள் வந்து சேரும் வேகமும். அதற்காகத்தான் 2017-இல் பத்து உலைகளுக்கு மொத்தமாக ஒப்புதல் தந்தார்கள்: 1.05 லட்சம் கோடி ரூபாய், அதாவது மெகாவாட்டுக்கு 15 கோடி. வட்டி ஏற ஏற இந்த விலை நிற்காது.

இதை மட்டுமே நம்பினால் 100 ஜிகாவாட்டுக்கு இன்னும் சுமார் 130 உலை வேண்டும், ஆண்டுக்கு ஆறு. அந்தப் பத்தில் அடங்கிய கர்நாடகத்தின் கைகா 5, 6 உலைகள் முதல் கான்கிரீட்டிலிருந்து ஏழு ஆண்டுக்குள் முடிகின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த மொத்த ஆர்டரைப் போடலாம்.