கேமரன் மலையில் பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை: அக்ரிலிக்கா, மில்க் காட்டனா, மெரினோவா?

கடந்த நான்கு வருடத்தில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் பதினொரு குளிர்ச்சட்டை பின்னியிருக்கிறேன். ஆறு அக்ரிலிக் (செயற்கை நூல்), மூன்று மில்க் காட்டன், இரண்டு மெரினோ (மெல்லிய இழைச் செம்மறிக் கம்பளி). இன்றைக்குக் கொடியில் கிடப்பவை எல்லாம் அக்ரிலிக்தான். ஆகவே நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவள், ஏன் சாய்ந்தேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊரை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில். கீழே தாப்பாவில் இருக்கும் என் நாத்தனார் மேலே வரும்போதெல்லாம், "அப்படி என்னதான் குளிரோ உங்க ஊர்ல, ஐஸா கொட்டுது?" என்பார். ஐஸ் கொட்டாதுதான். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். பகலில் 23, 24 டிகிரி இருக்கும், விடிகாலையில் 16, 17க்கு இறங்கும். எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் தகரக் கூரை வீடு, ஹீட்டர் கிடையாது, வெளியே பனிமூட்டம், தலைக்குக் குளித்த பிள்ளை ஆறரை மணி வேனுக்காக வாசலில் நிற்கிறது. 16 டிகிரி என்ன செய்யும் என்று அப்போது தெரியும்.

அதே பிள்ளை பத்து மணிக்குச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும். மத்தியானம் அது புத்தகப் பைக்குள் சுருண்டு கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் மறுபடி தேடுவார்கள். ஆக, ஒரு நாளில் அந்தச் சட்டைக்கு உண்மையான வேலை ஐந்தாறு மணி நேரம். பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் எழுதிய பின்னல் குறிப்புகளைப் படித்துவிட்டு, கம்பளி இல்லாமல் ஆகாது என்று ஆரம்பத்தில் நம்பினேன். இந்தக் கணக்கை அப்போது போட்டுப் பார்க்கவில்லை.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அக்ரிலிக் மலிவு, மில்க் காட்டன் அதற்குக் கொஞ்சம் மேலே, மெரினோ அவற்றைப் போல் பல மடங்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு, டிகே என்னும் நடுத்தரக் கனத்து நூலில், 4 மில்லிமீட்டர் ஊசியில், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று பின்னினால் ஏறக்குறைய 200 கிராம் நூல் போகும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தொங்கும் ரெடிமேட் பாஜு செஜுக் (குளிர்ச்சட்டை) இவை எல்லாவற்றையும்விட மலிவு. காசை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ஊசியையே தொட வேண்டாம்.

மில்க் காட்டனை முதலில் முடித்துவிடுகிறேன். பெயரில் பால் இருந்தாலும், நான் வாங்கிய உருண்டைகளின் லேபிளில் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது என்றுதான் போட்டிருந்தது. 50 கிராம் உருண்டை, மிட்டாய்க் கடை மாதிரி நிறங்கள், கன்னத்தில் வைத்தால் பூப்போல இருக்கும். பொம்மைக்கும் தொப்பிக்கும் அருமை. சட்டை என்று வரும்போது பருத்தியின் குணம் தலைகாட்டும். பருத்திக்கு இழுத்தால் திரும்பும் சக்தி குறைவு. மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கப் போட்ட ரிப் பட்டை இரண்டு வாரத்தில் வாயைப் பிளந்துவிட்டது. நனைந்தால் கனமாகி, கொடியில் தன் பாரத்தாலேயே கீழே இறங்குகிறது. மூத்தவளுக்குப் பின்னிய மஞ்சள் சட்டை ஒரு மழைக்காலத்தில் இடுப்பிலிருந்து தொடைக்கு வந்து சேர்ந்தது. "அம்மா, இது கவுனா?" என்று கேட்டாள். அதோடு காட்டனுக்கு முழுக்குப் போட்டுவிட்டேன்.

மெரினோ விஷயம் அப்படி இல்லை. அது நல்ல நூல், அதை எங்கேயும் மறுக்க மாட்டேன். கம்பளி என்றாலே உறுத்தும் என்று நம்மவர்கள் பயப்படுவார்கள். உறுத்துவது தடித்த இழை. 30 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) மேலே போனால்தான் தோலில் குத்தும். மெரினோ இழை பெரும்பாலும் 24க்குக் கீழே, பிள்ளைகள் சிணுங்குவதில்லை. பின்னும்போது ஊசியில் அது வழுக்கிக்கொண்டு போகும் சுகமும் தனி. அக்ரிலிக் அங்கே 'கிறீச்' என்று பல்லைக் கூசவைக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. பனிமூட்டத்தில் நடந்துவரும் பிள்ளைக்கு அதைவிட நல்ல சட்டை கிடையாது.

சரி, அப்புறம் ஏன் விட்டேன்? எங்கள் வீட்டில் துவைப்பது நான் இல்லை.

நான் காலையில் காய்கறி பேக்கிங் வேலைக்குப் போய்விடுவேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் துணி துவைப்பதும் என் கணவரின் அம்மா. முப்பது வருடம் கொழுந்து பறித்த கை. அந்தக் கைக்குத் துவைப்பது என்றால் ஒரே அர்த்தம்தான்: சுடுதண்ணீர், சவுக்காரம், கல், பிரஷ். சின்னவனுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து பின்னிய முதல் மெரினோ சட்டையை, அவன் மைலோ கொட்டிய அன்றைக்கே அத்தை பாசத்தோடு வாளியில் ஊறப்போட்டு, கல்லில் வைத்துத் தேய்த்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்க்கிறேன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த துண்டு, கண்ணி ஒன்றுகூடத் தெரியவில்லை.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சூடு, சவுக்காரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு ஒரே பக்கமாக நகர்ந்து இறுகும். இறுகியது பிறகு பிரியாது. அத்தையிடம் இதைச் சொல்லி என்ன பயன்? "அழுக்குப் போச்சா இல்லையா, அதச் சொல்லு" என்றார். அழுக்குப் போயிருந்தது. அந்தத் துண்டு இப்போது டீ கூஜாவுக்கு உறையாக இருக்கிறது. கம்பளி இறுகினால் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

அதற்குத்தான் சூப்பர்வாஷ் மெரினோ இருக்கிறதே என்பீர்கள். இரண்டாவது சட்டை அதுதான். செதில்களைக் குளோரினால் தணித்து, மேலே மெல்லிய பிசின் பூசியிருப்பார்கள். மெஷினில் போட்டாலும் இறுகாது. உண்மையாகவே இறுகவில்லை. ஆனால் நனைந்ததும் தளர்ந்து நீண்டுவிடுகிறது, கொடியில் போடக்கூடாது, துண்டு விரித்துப் படுக்கவைத்தே காயவைக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை இரண்டு நாள் அதற்கே போனது. இரண்டாம் நாள் பூனை அதன்மேல் குட்டித்தூக்கம் போட்டிருந்தது, மறுபடியும் துவைக்க வேண்டியதாயிற்று. இந்த ஒரு சட்டையை வைத்து எல்லா சூப்பர்வாஷ் நூலுக்கும் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காயவைக்கும் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. ஈப்போவில் காலையில் போட்ட துணி மத்தியானம் மொறமொறவென்று எடுக்கலாம். இங்கே விடிகாலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு ஒரு வெயில், இரண்டு மணிக்கு மழை. அக்டோபர், நவம்பரில் அந்த வெயிலும் வராது. காற்றே ஈரமாக இருக்கும்போது துணியில் இருக்கும் ஈரம் எங்கே போகும்? அதிலும் பின்னிய சட்டை ஒரே கனமாக இருப்பதில்லை. உடம்புப் பகுதி காய்ந்துவிடும். அக்குள், கழுத்துப் பட்டி, மணிக்கட்டு ரிப் மூன்றும் காயாது. மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்தால் மூன்றாம் நாள் அலமாரியைத் திறக்கும்போதே முடை நாற்றம் வரும். மில்க் காட்டன் சட்டை ஒன்றின் அக்குளில் கருப்புப் புள்ளியாகப் பூசணமே பிடித்துவிட்டது. எந்தச் சவுக்காரத்துக்கும் அது போகவில்லை.

அக்ரிலிக் இங்கேதான் ஜெயிக்கிறது. அந்த இழை தண்ணீரை உள்ளே குடிக்காது என்றே சொல்லலாம். நனைந்தாலும் தண்ணீர் நூலுக்கும் நூலுக்கும் இடையில்தான் நிற்கிறது. மெஷினில் ஸ்பின் போட்டால் பெரும்பாதி அங்கேயே வெளியே போய்விடும். அத்தை துவைக்காமல் நானே துவைக்கும்போது செய்வது இவ்வளவுதான்: சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, ஸ்பின் முடிந்ததும் இரண்டு ஹேங்கரில் தோள் தொங்காமல் மாட்டி, அஸ்பெஸ்டாஸ் சார்ப்புக்குக் கீழே தொங்கவிடுவது. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் மறுநாள் மத்தியானத்துக்குள் அக்குள் வரை காய்ந்திருக்கும். நல்ல மழை நாளில் சாயங்காலம் ஆகும். அதே இடத்தில் மில்க் காட்டன் மூன்று நாள் தொங்கியது. இரண்டு சட்டை இருந்தால் போதும், ஒரு பிள்ளைக்கு வாரம் ஓடிவிடும். காட்டன் என்றால் நான்கு பின்ன வேண்டும், மெரினோ என்றால் அத்தைக்கு விடுமுறை கொடுக்க வேண்டும்.

அக்ரிலிக்கில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் குறை பிசிறு. முழங்கையிலும் பை வார் உரசும் தோளிலும் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு நிற்கும். மாதம் ஒருமுறை சவரக் கத்தியால் மெதுவாக வழித்தெடுக்கிறேன். இரண்டாம் வருடம் பார்க்க மவுசாக இருக்காது. இரண்டாவது, இஸ்திரி. ஓரம் சுருட்டிக்கொள்கிறதே என்று ஒருநாள் ஆவி இஸ்திரியை நேராக வைத்துவிட்டேன். அந்த இடம் உயிர் போன மாதிரி தொய்ந்தது, மறுபடி எழும்பவே இல்லை. அக்ரிலிக் பக்கம் இஸ்திரியைக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவதுதான் யோசிக்கவைப்பது: நெருப்பு. நூல் எதுவென்று சந்தேகம் வந்தால் ஒரு விரல் நீளத் துண்டைக் கழுவும் தொட்டிக்கு மேலே இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் கருப்பாக நொறுங்கும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், கடைசியில் கெட்டியான கருப்பு மணி ஒன்று நிற்கும். அந்த உருகிய மணி பிள்ளையின் தோலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே போதும். தீபாவளி பெரும்பாலும் எங்கள் மழைக்காலக் குளிரில்தான் வருகிறது. மத்தாப்புக் கொளுத்தும் நேரத்தில் குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டை இரண்டாக மாட்டிவிடுகிறேன். விறகு அடுப்புப் பக்கமும் அப்படித்தான். இன்னும் விறகு அடுப்பில் சமைக்கும் வீடு, பிள்ளை அதன் பக்கத்திலேயே குளிர்காயும் என்றால், என் பேச்சைக் கேட்காமல் கம்பளி பக்கமே போங்கள்.

கம்பளிதான் வேண்டும், ஆனால் விலை தாங்காது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பண்டல் கடையில் (பழைய துணி விற்கும் கடை) பெரியவர்களின் பழைய கம்பளிச் சட்டை கிடைக்கும். வாங்கிப் பிரித்து அந்த நூலில் பின்னலாம். வாங்குமுன் உள்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். சங்கிலி மாதிரி இழையால் கோத்திருந்தால் முழு நூலாகப் பிரிந்து வரும். வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள், வரிக்கு வரி துண்டு துண்டாகத்தான் கையில் வரும். நான் ஒருமுறை அப்படி ஏமாந்து, கால் கிலோ நூல்குப்பையைத் தலையணைக்குள் அடைத்தேன்.

எந்த நூலானாலும் கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லன் முறையில் (தோளில் தனித் தையல் இல்லாமல் கையும் உடம்பும் சேர்ந்தே வளரும்), வட்ட ஊசியில் பின்னுங்கள். பிள்ளை வளர்ந்ததும் கை முனையையும் இடுப்பையும் அவிழ்த்து நான்கு விரல் நீட்டலாம். அதற்காக வாங்கும்போதே ஒரு உருண்டை கூடுதலாக, லேபிளில் உள்ள சாய எண் ஒன்றாக இருக்கும்படி பார்த்து வாங்கிவிடுவேன். ரிங்லெட்டில் எனக்கு வேண்டிய நூல் கிடைப்பதில்லை. ஈப்போவுக்குப் போகும்போது வாங்குவது, இல்லையென்றால் ஆன்லைன்.

இரண்டு விஷயத்தில் என் அனுபவம் குறைவு. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நான் பின்னியதில்லை. இரண்டாவது பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கம். அங்கே எங்களைவிட உயரம், குளிரும் கூடுதல், என் ஐந்தாறு மணி நேரக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாமல் போகலாம். பிரிஞ்சாங்கில் இருக்கும் என் தோழி சூப்பர்வாஷ்தான் பின்னுகிறாள், குறை சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அவள் வீட்டில் டிரையர் இருக்கிறது, துவைப்பதும் அவளேதான்.

இப்போது ஊசியில் இருப்பது சின்னவனுக்கு ஆறு வயது அளவில் ஒரு நீல அக்ரிலிக். கழுத்து முடிந்து அக்குள் வரை இறங்கிவிட்டது. அத்தை நேற்று அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத கல்லுல போடலாம்ல?" என்று கேட்டார். போடலாம் அத்தை என்றேன்.