வெட்டிய ஆர்டி, கம்பெனி ஜிடி, வெட்டாத புல்லட்: பழைய கஃபே ரேசருக்குக் காசு போடுமுன்

பழைய வண்டியில் கட்டிய கஃபே ரேசர் வேண்டும் என்று சேலத்தில் இன்று யார் தேடினாலும் முதலில் மலைக்க வைப்பது விலைதான். நான் தேடியபோது கடைசியில் மூன்று வண்டிகள் மிஞ்சின. ஒன்று, ஏற்கெனவே கஃபே ரேசராக மாற்றி விற்பனைக்கு வந்த பழைய யமஹா ஆர்டி 350 பைக். இன்னொன்று, கம்பெனியே கஃபே ரேசராகச் செய்து விற்ற ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 535, செகண்ட் ஹேண்டில். மூன்றாவது, யாரும் கை வைக்காத 1979 மாடல் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு இஞ்சின்) புல்லட். நான் புல்லட்டை எடுத்தேன். ஃபிரேமை வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், கழற்றிப் பூட்டக்கூடிய சாமான்களை மட்டும் வைத்து அதைக் கஃபே ரேசராக்கி ஓட்டுகிறேன். அதனால் இந்த அலசல் புல்லட் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

கஃபே ரேசர் என்றால் தாழ்ந்த ஹேண்டில், ஒற்றை சீட், தேவையில்லாத தகரம் எதுவும் இல்லாத உடம்பு. 1950, 60களில் லண்டனின் ஏஸ் கஃபே முன்னால் கூடி, மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடத் துடித்த இளைஞர்கள் உருவாக்கிய வடிவம் அது. அந்த இளைஞர்களைக் குறிவைத்து என்ஃபீல்டே 1960களில் இங்கிலாந்தில் 250 சிசி கான்டினென்டல் ஜிடியை விற்றது. தோற்றம் மூன்றிலும் வந்துவிடும். அதை ஒப்பிட்டுப் பயனில்லை.

விலை ஏன் ஏறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் பெயரில் 1983 முதல் அந்தப் பத்தாண்டின் கடைசி வரைதான் செய்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ஹை டார்க் (முறுக்குவிசை கூடிய) வண்டிக்கு 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த லோ டார்க்குக்கு 27. அன்று பெட்ரோல் குடிக்கிறது என்று ஒதுக்கினார்கள், உதிரிக்காகப் பிரித்தும் போட்டார்கள். இனி ஒரு வண்டிகூடப் புதிதாக வரப்போவதில்லை. சின்ன வயதில் ஆசைப்பட்டவர்கள் கையில் இப்போது காசு இருக்கிறது. இத்தனைக்கும் மேல், கஃபே ரேசராக மாற்றும் ஒவ்வொரு வண்டியும் ஒரிஜினல் கணக்கில் ஒன்றைக் குறைக்கிறது. புது வண்டிப் பக்கம் போகலாம் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதமாக ஏறிவிட்டது. அதுவரை, 535க்குப் பின் வந்த ஜிடி 650 வாங்க நினைத்திருந்தவர்களில் சிலராவது பழைய வண்டிப் பக்கம் திரும்பியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆனால் ஏறுவது எந்த வண்டியின் விலை? ஒரிஜினலாக நிற்கும் வண்டியின் விலைதான் உறுதியாக ஏறுகிறது. அதைக் காட்டி வெட்டிய வண்டிக்கும் அதே விலையைக் கேட்கிறார்கள். கட்டியவர் பெயின்ட், டேங்க், சீட், சைலன்சர் என்று போட்ட செலவையெல்லாம் கூட்டி ஒரு தொகை சொல்கிறார். வாங்குகிறவருக்கு அதே ரசனை இருந்தால்தான் அந்தத் தொகை நிற்கும். நான் பார்த்த ஆர்டி நல்ல கைவேலை, மறுக்க மாட்டேன். இஞ்சினும் சுத்தமாகப் பாடியது. ஆனால் சீட்டுக்குப் பின்னால் ஃபிரேமை அறுத்து, வளைத்த பைப் ஒன்றை வெல்டிங் செய்திருந்தார்கள். ஃபிரேம் முழுக்க பவுடர் கோட்டிங். ஸ்டீயரிங் கழுத்தில் இருக்க வேண்டிய சேசிஸ் நம்பர் அந்தப் பூச்சுக்கு அடியில் பாதி மூழ்கியிருந்தது.

என்னைப் பொறுத்தவரை எல்லாமே அந்த நம்பரில் முடிவாகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சி புக்கில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. பழைய வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுக்கு ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆர்டிஓ ஆபீசில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆய்வாளர் சேசிஸ் நம்பரைப் பார்ப்பார், இஞ்சின் நம்பரைப் பார்ப்பார், நிறம் புத்தகத்தில் உள்ளதுதானா, இரண்டு பேர் உட்காரும் சீட் எங்கே என்று கேட்பார். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய பைக்குகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய் ஆனது. அது பெரிய விஷயமில்லை. அவர் திருப்பி அனுப்பிவிட்டால்தான் விஷயம். அப்போது லட்சக்கணக்கில் கொடுத்த வண்டி ரோட்டில் இறங்க முடியாத பொருளாகிவிடும்.

இன்சூரன்சும் அப்படித்தான். ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டிய செலவை அதில் ஏற்றுவது லேசில்லை. பல பழைய வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டோடு நின்றுவிடுகிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி க்ளெய்மையும் இழுத்தடிக்கலாம். ஆக, விலை ஏறிய பகுதிக்குப் பாதுகாப்பே கிடையாது.

இன்னொன்றையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துப் போகலாம். என் புல்லட் 2029இல் 50ஐத் தொடும். அன்று எனக்கு மனமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றி ஒரிஜினலாக நிறுத்திவிடுவேன். முதல் ஆர்டிக்கு 50 ஆவது 2033இல். ஃபிரேம் அறுத்த ஆர்டிக்கு அந்தக் கதவு இப்போதே மூடியாகிவிட்டது.

புல்லட்டில் நான் செய்தது இவ்வளவுதான். பின் மட்கார்டும் அதைத் தாங்கும் கைப்பிடிக் கம்பிகளும் போல்ட்டில் நிற்பவை, அறுக்க வேண்டியதில்லை. சின்ன மட்கார்டையும் கூனல் வைத்த ஒற்றை சீட்டையும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு டிங்கர் பட்டறையில் அடித்து வாங்கினேன். ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகப் பூட்டும் கிளிப்-ஆன் ஹேண்டில் போடவில்லை. இந்தப் புல்லட்டில் ஹெட்லைட்டைச் சுற்றிய கூடுதான் ஃபோர்க்கின் மேல்பிடியும் என்பதால், கிளிப்-ஆனுக்கு அந்த அழகான கூட்டையே எடுக்க வேண்டும். பதிலாகக் கீழ்நோக்கி வளைந்த ஏஸ் பார், பழைய கிளாம்பிலேயே உட்கார்ந்துவிட்டது. கிக்கரும் கியரும் இரண்டுமே வலது பக்கம் என்பதால் ரியர்செட் எனப்படும் பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட்டையும் விட்டுவிட்டேன். நிறம் ஆர்சியில் உள்ள அதே கறுப்பு. கழற்றிய ஒரிஜினல் சீட், மட்கார்டு, ஹேண்டில் எல்லாம் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் இருக்கின்றன. நாளைக்கு விற்றால் அந்தச் சாக்குக்கும் சேர்த்துத்தான் விலை.

பராமரிப்பிலும் புல்லட் எனக்கு ஒத்துவருகிறது. பாயிண்ட் இடைவெளி, டேப்பெட், கார்புரேட்டர், கிளட்ச் கேபிள் எல்லாமே மரத்தடி மெக்கானிக் கை வைக்கக்கூடிய வேலை. உதிரி கோயம்புத்தூர் வரை போகாமலே கிடைக்கிறது. எண்ணெய் கசியும், அதிரும், காலையில் ஆம்மீட்டரைப் பார்த்து டீகம்ப்ரஷரை (இஞ்சின் அழுத்தத்தை விடும் லீவரை)ப் பிடித்து முறையாக உதைக்க வேண்டும். 18 குதிரைத்திறனுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆர்டியில் கிராங்க் சீல், பிஸ்டன், ரீபோர் என்று இறங்கினால் அந்த இஞ்சின் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், ஒரிஜினல் உதிரிக்குச் சொன்ன விலைதான்.

ஏற்காடு மலைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஆர்டியைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை, நண்பருடையதை ஓட்டிய அளவில்தான் சொல்கிறேன்: ஏற்றத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆர்பிஎம் ஏற ஏற வண்டி ஆளைப் பின்னால் தள்ளும், புல்லட் அதே இடத்தில் மூன்றாவது கியரில் தம் பிடித்து ஏறும். இறக்கம் வேறு கதை. டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் இஞ்சின் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது. இந்திய ஆர்டியின் முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முழுச் சுமையும் பிரேக் ஷூ மேல் விழ, கீழே வரவர லீவர் மெத்தென்று ஆகிறது. புல்லட்டிலும் டிரம்தான், ஆனால் இரண்டாவது கியரில் விட்டால் அந்தக் கனமான ஃப்ளைவீல் இஞ்சினே பாதி வேலையைச் செய்துவிடும். தாழ்ந்த ஹேண்டிலில் உடம்பின் எடை மணிக்கட்டில் இறங்குவது எல்லா வண்டியிலும் உண்டு. இறக்கத்தில் அது இன்னும் தெரியும்.

ஜிடி 535ஐ நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2013 நவம்பரில் டெல்லியில் ஆன் ரோடு 2.05 லட்சத்துக்கு வந்த வண்டி. இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் வடிவமைத்த ஃபிரேம், முன்னால் பிரெம்போ கம்பெனி டிஸ்க் பிரேக், 29 குதிரைத்திறன், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். கிளிப்-ஆனும் ரியர்செட்டும் கம்பெனி பூட்டியது, ஆய்வாளர் கேள்வி கேட்க இடமில்லை. மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்க இந்த மூன்றில் எதை எடுப்பாய் என்றால் ஜிடிதான். சோதனை ஓட்டத்துக்கு மேல் அதோடு எனக்குப் பழக்கமில்லை, நீண்ட கால உழைப்பைப் பற்றி ஓட்டுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். 650 வந்தபின் நின்றுபோன மாடல் என்பதால் அதற்கே உரிய சில உதிரிகளுக்கு அலைய வேண்டியிருக்கும். முதலில் பதிந்த வண்டிகளுக்கு 2028இல் 15 ஆண்டு முடிகிறது, விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கலாம். ஐந்து ரோட்டிலிருந்து சூரமங்கலத்துக்கு தினமும் வேலைக்குப் போகவும் ஒரே வண்டிதான் வேண்டும் என்றால், புல்லட்டை விட்டுவிட்டு இதை எடுங்கள்.

ஆர்டியேதான் வேண்டும் என்றால், கட்டிய வண்டியை விட்டு ஒரிஜினலைத் தேடுங்கள். கேரளா, கர்நாடகா வண்டி என்றால் என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று) இருக்கிறதா, பழைய கையெழுத்து ஆர்சி அரசின் ‘வாகன்’ கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் டார்ச் அடித்து இரண்டு நம்பரையும் நீங்களே வாசித்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அது முடியும் வரை அட்வான்ஸ் பேச்சை எடுக்க வேண்டாம்.