எல் பிராக்கெட்டா, சாதா பிளேட்டா? டெல்டாவில் படம் எடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கேமராவை ட்ரைபாடில் பூட்ட அதன் அடியில் மாட்டும் உலோகத் துண்டுதான் பிளேட். அதுவே பக்கவாட்டிலும் மேலேறி 'எல்' வடிவில் இருந்தால் எல் பிராக்கெட். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். கோபுரம், தேர், தென்னை என்று கேமராவை நிமிர்த்திப் பிடித்துச் செங்குத்துப் படமாக எடுப்பது உங்கள் வழக்கம் என்றால், உங்கள் மாடலுக்கென்றே செய்த எல் பிராக்கெட்டை வாங்குங்கள். கோடியக்கரையில் பறவை எடுப்பவருக்கு அது வீண் செலவு. பெரிய லென்ஸின் அடியில் ட்ரைபாடுக்கென்றே இருக்கும் காலில் மாட்ட நீளமான ஒரு பிளேட் போதும். கல்யாண வீடியோவுக்கு 501 என்னும் நீளமான வீடியோ பிளேட் வகை. இந்த மூன்றிலும் சேராமல் எப்போதாவது ட்ரைபாடைத் தூக்குபவருக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஓரம் சாய்ந்த சாதா ஆர்க்கா பிளேட்டே தாராளம்.

கேமராவுக்கு லட்சத்தைக் கொட்டுபவர்கள்கூட, அதற்கும் ட்ரைபாடுக்கும் நடுவே உட்காரும் உள்ளங்கை அளவு அலுமினியத்தைப் பற்றி யோசிப்பதில்லை. ட்ரைபாடோடு வந்ததை வைத்தே காலத்தை ஓட்டுகிறார்கள். படம் மங்கினால் பழி லென்ஸ் மேல் விழுகிறது.

முதலில் பிடி, பிறகுதான் பிளேட்

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு பெரியவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டி, "இத்தனை பிளேட் கெடக்கு தம்பி, ஒண்ணாவது இன்னொண்ணோட ஹெட்டுல உக்காருதா பாருங்க" என்றார். பல வீடுகளில் இதே நிலைதான். இதில் இரண்டு முடிவுகள் கலந்து கிடக்கின்றன. ட்ரைபாடின் உச்சியில் கேமராவைத் தாங்கும் ஹெட்டில் எந்த வகைப் பிடி என்பது ஒன்று. கேமராவுக்கு அடியில் எந்த வடிவம் என்பது இன்னொன்று. முதலாவதைத் தீர்மானிக்காமல் இரண்டாவதை வாங்கினால் இழுப்பறைதான் நிறையும்.

பிடியில் மூன்று குடும்பங்களைச் சொல்லலாம். ஆர்க்கா ஸ்விஸ் வகையில் பிளேட்டின் இரு ஓரமும் 45 பாகை சாய்ந்திருக்கும், அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். கிளாம்பின் இரண்டு தாடைகளும் அந்தச் சாய்வைக் கவ்விக்கொள்ளும். ஒரு நிறுவனத்தின் வடிவமாகத் தொடங்கி, இன்று எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் வழக்கமாகிவிட்டது. ஆனால் எந்தத் தர அமைப்பும் அளவை வரையறுத்து வைக்கவில்லை. அதனால் நிறுவனத்துக்கு நிறுவனம் மயிரிழை வித்தியாசம் இருக்கும். திருகிப் பூட்டும் குமிழ் கிளாம்ப் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. ஒரே தட்டில் பூட்டும் லீவர் கிளாம்ப் பொருட்படுத்தும்: மயிரிழை குறைந்த பிளேட்டை வைத்தால் ஆடும், கூடினால் பூட்டாது. கண்ட இடத்தில் பிளேட் வாங்குபவர் குமிழையே எடுங்கள்.

இரண்டாவது, மான்ஃப்ரோட்டோவின் ஆர்சி2. கேமராவைக் கொண்டுபோய் வைத்தாலே 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. திருவாரூர் ஆழித்தேர் நிலையை விட்டு அசையும் நேரத்தில் ட்ரைபாடிலிருந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓட வேண்டும் என்றால் இதன் அருமை தெரியும். 96 அடித் தேர் கேமராக்காரருக்காக நிற்காது. குறை என்னவென்றால் பிளேட் சிறியது, இந்தப் பிடிக்கு எல் பிராக்கெட் தேடினால் அகப்படுவதும் அபூர்வம். பின்னால் ஏதாவது கூட்டிச் சேர்க்கலாம் என்று நினைப்பவருக்கு இது முட்டுச்சந்து.

மூன்றாவதான 501 வகை வீடியோ ஹெட்களுக்கு உரியது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

புதிதாக வாங்குபவருக்கு என் வாக்கு ஆர்க்காவுக்கு. சாதா பிளேட், எல் பிராக்கெட், லென்ஸ் கால் பிளேட் எல்லாம் ஒரே கிளாம்பில் உட்காரும் என்பது மட்டுமே போதுமான காரணம்.

நிமிர்ந்த படம் என்னும் தலைவலி

சமவெளியில் என்ன உயரம் இருக்கிறது என்று கேட்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. இங்கே உயரமானதெல்லாம் கட்டி எழுப்பியதுதான். அதைப் படத்தின் சட்டத்துக்குள் அடக்க கேமரா நிமிர்ந்தே ஆக வேண்டும்.

சாதா பிளேட் போட்ட கேமராவை நிமிர்த்த ஒரே வழி, பந்து மூட்டில் திரும்பும் பால் ஹெட்டைப் பக்கவாட்டில் இருக்கும் வெட்டுக்குள் சாய்ப்பது. சாய்த்த உடனே மூன்று விஷயங்கள் நடக்கும்.

முதலில் சட்டம் நகரும். ராஜகோபுரத்துக்கு நேர் எதிரே தெருவின் நடுக்கோட்டில் நின்று, வாசலும் கலசங்களும் ஒரே செங்குத்தில் வரும்படி பார்த்துப் பார்த்து வைத்திருப்பீர்கள். சாய்த்ததும் லென்ஸ் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழேயும் பக்கத்திலும் இறங்கிவிடும். ட்ரைபாடைத் தூக்கி மறுபடி வைக்க வேண்டும். அதற்குள் அந்தி வெளிச்சம் போயிருக்கும்.

அடுத்து, பாரம் மையத்தை விட்டு விலகும். சிமெண்ட் தரையில் இது பெரிய விஷயமில்லை. வரப்பில் பெரிய விஷயம். குறுவை நடவு நேரத்தில் ஒன்றரை அடி வரப்பில் ட்ரைபாட் வைப்பவர் கால்களை முழுக்க விரிக்க முடியாது. ஒரு கால் சேற்றுக்குள் இறங்கும் அல்லது மூன்றையும் ஒடுக்கிக்கொள்ள வேண்டும். ஒடுங்கிய கால்களுக்கு மேலே ஒன்றரைக் கிலோ ஒரு பக்கமாகத் தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கனத்த பக்கம் ஒரு காலின் நேர்மேலே வரும்படி ட்ரைபாடைத் திருப்பி வைப்பது ஓரளவு காப்பாற்றும். சாதா பிளேட்காரர்கள் இதைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பலருக்குப் பிடிபடாதது. கேமரா பக்கவாட்டில் தொங்கும்போது, அதைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகு கிடைமட்டமாக இருக்கிறது. லென்ஸின் கனம் அந்தத் திருகையே அச்சாக வைத்து மூக்கைக் கீழே இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத நகர்வுதான். ஆனால் 8 நொடி, 15 நொடி என்று திறந்து வைக்கும் அந்திப் படத்தில் கலசத்தின் ஓரம் இரட்டையாகத் தெரியும். கேமராவுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தை வைத்த மலிவு பிளேட்களில் இது இன்னும் மோசம், ரப்பர் அமுங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சாதா பிளேட்தான் வாங்குவேன் என்பவர், பின்பக்கம் சிறு உதடு போல மேலெழுந்த விளிம்பு உள்ளதை எடுங்கள். அந்த விளிம்பு கேமராவின் முதுகில் அணைந்து நின்று திரும்பவிடாது. உலோகம் உலோகத்தோடு ஒட்டி உட்காரும் அத்தகைய பிளேட், தொங்கும் தலைவலியில் பாதியைத் தீர்த்துவிடும்.

மீதிப் பாதிக்குத்தான் எல் பிராக்கெட். அடியில் ஒரு பிளேட், இடப்பக்கம் மேலேறும் ஒரு கை, இரண்டிலும் ஆர்க்கா சாய்வு. நிமிர்த்த வேண்டுமானால் கிளாம்பைத் தளர்த்தி, கேமராவைக் கழற்றி, பக்கக் கையில் மாட்டிப் பூட்ட வேண்டியதுதான். ஹெட் அசையாது. பாரம் நடுத்தண்டின் மேலேயே நிற்கும். நடுக்கோடும் ஏறக்குறைய வைத்த இடத்திலேயே இருக்கும். நிமிர்ந்த சட்டங்களை வரிசையாக எடுத்து ஒட்டி அகலப் படமாக்குபவர்களுக்கு, கொள்ளிடத்தின் மணல்வெளியை அப்படி எடுப்பவர்கள் உண்டு, இதைவிட எளிய வழி இல்லை.

அப்படியானால் எல்லாரும் இதையே வாங்கலாமே என்றால், இதற்கும் தொல்லைகள் உண்டு. எல் பிராக்கெட்டில் இரண்டு சாதி: மாடலுக்கென்று செய்தது, எல்லாவற்றுக்கும் பொதுவானது. பொதுவானதைத் தவிர்த்துவிடுங்கள். உடம்போடு ஒட்டி உட்கார்வதுதான் எல் பிராக்கெட்டின் பலமே. தொளதொளவென்று உட்கார்ந்தால் கேமரா உள்ளுக்குள்ளேயே திரும்பும், சாதா பிளேட்டின் மூன்றாவது தொல்லை அப்படியே திரும்பி வரும், கூடுதல் கனத்தோடு. மாடலுக்கென்று செய்தது கச்சிதமாக இருக்கும். ஆனால் கேமராவை மாற்றிய அன்றே அது பழைய இரும்புக் கடைக்கு. கேமராவின் அடியில் கூடுதல் பேட்டரிக்கான கிரிப் போட்டவருக்கு வேறு பிராக்கெட் வேண்டும். பக்கவாட்டில் விரியும் திரை, மைக், எச்டிஎம்ஐ ஓட்டைகள் எல்லாம் அந்தக் கை இருக்கும் இடப்பக்கமே அமைந்திருப்பது இன்னொரு இம்சை. கை வெளியே நகரும்படி அமைத்த பிராக்கெட்களில் இது சமாளிக்கக்கூடியது.

ஓர் இடைச்செருகல். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுக்கலாம். ட்ரைபாட் விரிக்க முன்அனுமதி வேண்டும். பிராக்கெட்டுக்குச் செலவழித்துவிட்டு வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. அனுமதிக்கு எழுதும் பொறுமை இல்லாதவர், தெருவிலிருந்தும் குளக்கரையிலிருந்தும் எடுப்பதற்குத்தான் ட்ரைபாட் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாங்க வேண்டும்.

கோடியக்கரைக்குப் போகிறவர்கள்

பூநாரை வரும் பருவத்தில் 150-600 மில்லிமீட்டர் டெலி லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் சிலர் கேமராவில் எல் பிராக்கெட்டும் மாட்டியிருக்கிறார்கள். எதற்கு என்று தெரியவில்லை. அந்த லென்ஸுக்கு வளையமும் காலும் இருக்கிறது. வளையத்தைத் தளர்த்திச் சுழற்றினால் கேமரா தானாக நிமிரும், பாரம் நடுவிலேயே இருக்கும். இரண்டு கிலோ லென்ஸை மாட்டிவிட்டுக் கேமராவின் அடியில் பிளேட் போடுவது, லென்ஸ் கேமராவோடு சேரும் மவுண்டைத் தண்டிப்பது.

வேண்டியது லென்ஸ் காலுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆர்க்கா பிளேட். நீளம் ஏனென்றால், ஜூமை நீட்டும்போது பாரம் முன்னே போகும். பிளேட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்யலாம். காலில் இரண்டு திருகு ஓட்டைகள் இருந்தால் இரண்டிலும் திருகு போடுங்கள், திரும்பும் பேச்சே இல்லை. டாம்ரான் 150-600 ஜி2 போன்ற சில லென்ஸ்களின் காலிலேயே ஆர்க்கா சாய்வு வெட்டியிருக்கும். அவர்கள் ஒன்றுமே வாங்க வேண்டாம், நேரே கிளாம்பில் மாட்டலாம்.

பிளேட்டின் இரு முனையிலும் அடியில் எள்ளுருண்டையைவிடச் சிறிய திருகுகள் இரண்டு துருத்திக்கொண்டிருக்கும். கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தாலும் பிளேட் வழுக்கி வெளியே விழாமல் தடுப்பவை அவைதாம். மலிவுப் பிளேட்களில் இவை இருக்கா, போட இடமாவது இருக்கா என்று புரட்டிப் பாருங்கள். லென்ஸின் விலையை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் உப்பு. வேதாரண்யம் உப்பளக் காற்றில் அலுமினியப் பிளேட் பிழைத்துக்கொள்ளும், முலாம் பூசிய இரும்புத் திருகு துருப்பிடிக்கும். துருவேறாத எஃகுத் திருகு போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும். எண்ணெய் போடாதீர்கள், மணலைச் சேர்த்து வைக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகிறவருக்கு எந்தப் பிளேட்டும் உதவாது. படகின் அதிர்வு முழுக்க ட்ரைபாட் வழியாகக் கேமராவுக்கு ஏறும். கையில் பிடித்து ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதே மேல்.

கல்யாண வீடியோ

501 வகைப் பிளேட் நீளமானது, அகலமும் கூடுதல். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் முன்பின் நகர்த்திச் சமன் செய்துகொள்ளலாம். கேமரா திரும்பாமல் இருக்கச் சிறு ஊசி முனையும் பலவற்றில் உண்டு. நிமிர்த்தும் வேலைக்கு ஆகாது. மண்டபத்தில் வீடியோ ஹெட்டும் போட்டோ ட்ரைபாடும் இரண்டையும் வைத்திருப்பவர், கேமராவில் ஆர்க்கா பிளேட்டை நிரந்தரமாக விட்டுவிட்டு, 501 பிளேட்டின் மேல் ஓர் ஆர்க்கா கிளாம்பைத் திருகிவைத்துக்கொள்வது நல்ல வழி. உயரம் கொஞ்சம் கூடும். முகூர்த்த நேரத்தில் திருகு கழற்றும் ஆலன் கீயைத் தேடுவதைவிட அது பரவாயில்லை.

திருகு

கேமராவுக்கு அடியில் இருப்பது 1/4 அங்குல மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. பிளேட்டின் திருகு தொலைந்தால் பக்கத்து லேத் பட்டறையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டுவிடத் தோன்றும். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் 1/4 அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், மரை இடைவெளியும் வேறு. உள்ளே தொளதொளவென்று போய்ச் சில சுற்றுகளுக்குப் பிறகு கேமராவின் மரையைத் தின்றுவிடும். பட்டறையில் 'கால் இஞ்ச், இருபது மரை' என்றே கேளுங்கள். பம்புசெட் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பழைய அங்குலக் கணக்கு நன்றாகத் தெரியும். நீளத்தையும் பாருங்கள்: பிளேட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது 5.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சோனி கேமராக்களின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

கடையில் வாங்கும்போது கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். பிளேட்டை மாட்டி, இறுக்கி, பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் மெமரி கார்டும் அதே மூடிக்குள்தான் இருக்கிறது. மூடி பாதிதான் திறக்கிறது என்றால், எத்தனை நல்ல பிளேட்டாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.